கத்தி பட்டதால் பரவவில்லை

எங்கள் பக்கத்தில் புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அந்தக் கட்டி" என்பார்கள், "பெரிய வியாதி" என்பார்கள். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால் அதுவும் கிடையாது, "உடம்பு சரியில்லை" என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஆனால் அந்த நோயைப் பற்றி ஒரு கருத்து மட்டும் காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எந்த ஊர் முகப்பில் உட்கார்ந்தாலும் மாறாமல் காதில் விழும்: "கத்தி வச்சாப் பரவிரும்." படித்தவர்கள் சொல்கிறார்கள். பர்மா, மலேயா என்று மூன்று தலைமுறையாக வெளியே போய் வந்த குடும்பங்களில் சொல்கிறார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இதை நான் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் எதிர்வீட்டு அயித்தை. அவருக்கு இடது மார்பில் ஒரு கட்டி. வலியில்லை, உருட்டினால் நகரவில்லை. காரைக்குடியில் பார்த்த டாக்டர் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்துவிட்டு, ஊசி வைத்துத் தசை எடுத்துச் சோதிக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அயித்தை மாட்டேன் என்றுவிட்டார். ஏன் என்று கேட்கப் போனபோது என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "உங்க ஆத்தாளுக்கு நுரையீரல்ல கத்தி வச்சாக. ஒரு வருஷங்கூட ஆகலை, திரும்ப வந்துருச்சு. கண்ணால பாத்த பெறகும் நான் போவேனா?"

என் ஆத்தாவுக்கு நோய் திரும்பி வந்தது, இன்னொரு பெண் சிகிச்சைக்குப் போகாமல் இருப்பதற்குக் காரணமாகிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆத்தாவிடமும் அயித்தையிடமும் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

ஆத்தாவுக்கு முதலில் வந்தது மலக்குடலில். மலத்தோடு ரத்தம் போனது. வெளியே சொல்லக் கூச்சம். சொன்ன பிறகும் மூலம் என்றே மாதக்கணக்கில் களிம்பும் லேகியமும் ஓடின. எங்களுக்குப் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கைக்கு வந்ததும் மலக்குடல் புற்றுநோய்தான். சீதபேதி என்று எண்ணி வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தங்கையை இழந்த துக்கம்தான் அவரை 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கும் வரை கொண்டுபோனது. இவ்வளவு காலம் ஆன பிறகும் ஆசனவாயில் ரத்தம் என்றால் மூலம் என்றுதான் நம் வாயில் முதலில் வருகிறது. ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு ரத்தம் போனால், மூலம் இருந்தாலும்கூட, கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை, செய்து பார்த்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு வரியையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேடியேஷன், கீமோ, பிறகு குடலில் அறுவை, சில மாதம் மலம் சேர வயிற்றில் பை, பிறகு அந்தப் பையை எடுத்துக் குடலை உள்ளே சேர்த்தது என்று அந்தக் காலம் போனது. அதை விரிவாக எழுத வேண்டியதில்லை, இதே வழியில் போனவர்களுக்குத் தெரியும். அதன்பின் நல்ல காலம். ஆத்தா பழையபடி அதிகாலையில் எழுந்து வாசல் தெளித்தார், கோவிலூருக்குப் போய்வந்தார், யார் வீட்டு விசேஷத்தையும் விடவில்லை. மறுபரிசோதனைகளில் ஒன்றில் ரத்தத்தில் சி.இ.ஏ. என்ற, குடல் புற்று இருந்தால் கூடக்கூடிய புரதத்தின் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. அடுத்த சோதனையில் இன்னும் ஏறியது. சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலில் மூன்று புள்ளிகள். எல்லாமே ஒரு சென்டிமீட்டரை ஒட்டியவை.

குடலில் வந்த நோய் நுரையீரலுக்கு எப்படிப் போகும் என்று சின்னாத்தா கேட்டார். நல்ல கேள்வி. குடலின் பெரும்பகுதியிலிருந்து புறப்படும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அதனால்தான் குடல் புற்றுநோய் பலருக்குக் கல்லீரலில் முதலில் தெரிகிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதி அப்படியில்லை. அங்கிருந்து போகும் ரத்தத்தில் ஒரு பங்கு கல்லீரலைத் தொடாமல் நேரே இதயத்துக்கு வந்து, அங்கிருந்து நுரையீரலுக்குள் பாய்கிறது. முடியைவிட மெல்லிய குழாய்கள் நிறைந்த இடம் அது. ரத்தத்தில் மிதந்துவரும் செல்கள் முதலில் மாட்டிக்கொள்வது அங்கேதான். நுரையீரலில் இருந்தாலும் அது நுரையீரல் புற்றுநோய் ஆகிவிடாது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மலக்குடல் செல்களாகவே இருக்கும், மருந்தும் அதற்குரியதுதான்.

விடிகாலைப் பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போனோம். எடுக்கலாம் என்று சர்ஜன் சொன்னார். வேறெங்கும் நோய் இல்லை, மூன்றும் ஓரமாக இருக்கின்றன, ஆத்தாவின் மூச்சுத் திறன் சோதனையும் நன்றாக இருக்கிறது என்பது காரணம். சிறிய துளைகள் போட்டுக் கேமரா வழியாகவும் இதைச் செய்கிறார்கள். எங்கள் சர்ஜன் விலா இடுக்கைத் திறந்து கையால் தடவிப் பார்த்து எடுப்பதே மேல் என்றார். ஸ்கேனில் தெரியாத சின்னக் கட்டிகூட விரலுக்குத் தட்டுப்படும் என்பது அவருடைய காரணம். அப்படித்தான் ஆனது. மூன்று என்று போனவர் நான்கு எடுத்தார். ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள நல்ல நுரையீரலில் சிறு பகுதியோடு சேர்த்து வெட்டி ஸ்டேப்ளர் போட்டு மூடியிருந்தார். எடுத்ததைச் சோதித்த பயாப்ஸி முடிவு வந்தபோது, ஸ்கேனில் தெரிந்த மூன்றும் புற்று. கைக்கு மட்டும் தட்டுப்பட்ட நான்காவது பழைய காசநோய்த் தழும்பு. எப்போதோ இளவயதில், தனக்கே தெரியாமல் வந்து ஆறிப்போனது. நம் ஊர் நுரையீரல்களில் இது சகஜம் என்றார் டாக்டர். ஸ்கேனில் தெரியும் புள்ளியெல்லாம் புற்று என்று உடனே இடிந்துபோகக் கூடாது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அந்த வார்டில் ஆத்தா பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். விலா இடுக்கில் ஒரு குழாய், அதன் மறுமுனை கட்டிலுக்குக் கீழே தண்ணீர் பாட்டிலில். மூச்சு விடும்போது குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்கும், இருமினால் குமிழ் வரும். குமிழ் நிற்கும்வரை குழாயை எடுக்க மாட்டார்கள். நடக்கும்போது பாட்டிலை நெஞ்சுக்குக் கீழேயே பிடித்துக்கொண்டு கூடவே போகவேண்டும். அப்புறம் நுரையீரல் நன்றாக விரிவதற்கான அந்த மூன்று பந்துக் கருவி. எல்லாரும் "பந்து ஊதுறது" என்கிறார்கள், உண்மையில் ஊதக்கூடாது, உள்ளே இழுக்கவேண்டும். நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் காற்று என்று 600, 900, 1200 என ஒவ்வொரு அறைமேலும் எழுதியிருக்கும். முதல் நாள் முதல் பந்தே பாதிதான் எழுந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் விலா எலும்பு வலிக்க, ஆத்தா தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய இழுத்தார். இரண்டாவது பந்து எழுந்த அன்று பக்கத்துக் கட்டில் அம்மா கை தட்டினார். வீட்டுக்கு வரும்போது மூன்றும் எழுந்தன.

இவ்வளவும் பட்டு வந்தவர் ஆத்தா. அதனால்தான் பின்னால் வந்த பேச்சு அவரை அப்படி உடைத்தது.

சர்ஜன் எங்களை அனுப்பும்போது சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். கண்ணுக்கும் கைக்கும் தெரிந்ததை முழுவதும் எடுத்துவிட்டோம், வெட்டிய ஓரத்தில் நோய் இல்லை, ஆனாலும் திரும்ப வர வாய்ப்பு நிறைய இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்றார். ஊருக்கு வந்து சேர்ந்தபோது அதில் முதல் பாதி மட்டும்தான் வந்து சேர்ந்திருந்தது. "முழுசா எடுத்தாச்சாம்" என்று வளவு முழுக்கப் பேச்சு. வெள்ளைப் பணியாரம் சுட்டுத் தெருவுக்கே கொடுத்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. அவ்வளவு நாள் பயந்து கிடந்த வீட்டுக்கு ஒரு நல்ல சேதி வேண்டியிருந்தது.

கார்த்திகை தீபம் கழிந்து, எங்கள் பக்கத்தில் குடும்பமாகக் கூடி இழை எடுத்துக்கொள்ளும் பிள்ளையார் நோன்புக்கு எல்லாரும் ஊருக்கு வந்திருந்தார்கள். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கும் எங்கள் வீட்டுக் குடும்பங்கள் எல்லாம் கூடுவது அந்த ஒரு நாளில்தான். அதற்கு நாலு நாள் முன்பு எடுத்த ஸ்கேனில் புதிதாக மூன்று புள்ளிகள் தெரிந்திருந்தன. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் இரண்டு. விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பெரியப்பச்சி மாவுப் பிள்ளையாரில் 21 இழைத் திரியைக் கொளுத்திக் கொடுக்க, ஒவ்வொருவராகக் கையில் வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொண்டார்கள். ஆத்தாவும் இழை எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் உள்கூடமான பட்டாலையில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிடும்போது பேச்சு ஆரம்பித்தது.

"அதுபாட்டுக்குத் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. கத்தியக் கொண்டுபோயி எழுப்பி விட்டுட்டாக."

"காத்துப் பட்டா அது சும்மா இருக்குமா?"

"அப்பவே சொன்னேன், ஆரு கேட்டா?"

எல்லாரும் ஆத்தாமேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி படுக்கும்போது என்னிடம் கேட்டார்: "நெசமாத்தானா? அறுக்காம விட்டிருந்தா வந்திருக்காதா?"

அன்றைக்கு நான் சொன்ன பதிலையும், அதற்கப்புறம் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் தாண்டிப்போன ஒரு விஷயம். கத்தி போனது வலது பக்கம். இடது நுரையீரலை யாரும் தொடவேயில்லை. புதிய புள்ளிகளில் இரண்டு இடது பக்கம்.

அவை அறுவை நடந்த அன்றைக்கே அங்கே இருந்திருக்கின்றன. தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு கன சென்டிமீட்டர் கட்டிக்குள் தோராயமாக நூறு கோடி செல்கள் இருக்கும் என்று மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. அந்தக் கணக்கில் ஒரு கன மில்லிமீட்டருக்குள்ளேயே பத்து லட்சம் செல்கள் அடங்கும். அந்த அளவில் இருப்பதைச் சி.டி. ஸ்கேனில் நம்பிக்கையோடு கண்டுபிடிக்க முடியாது. சர்ஜனின் விரலுக்கும் எட்டாது. மலக்குடலில் கட்டி இருந்த காலத்திலேயே ரத்தத்தில் கிளம்பிப் போனவை அவை. சில சீக்கிரம் வளர்ந்து முதலில் தெரிந்தன, அந்த மூன்றையும் எடுத்தோம். சில மெதுவாக வளர்ந்தன, அவை இப்போது தெரிகின்றன.

ஏன் சில இடத்தில் மட்டும் வளர்கிறது என்று 1889இலேயே லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற சர்ஜன் யோசித்திருக்கிறார். மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பேரின் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு அவர் விதையும் மண்ணும் என்று எழுதினார். விதை எல்லாப் பக்கமும் விழும், தோதான மண்ணில்தான் முளைக்கும். மானாவாரி பூமியான எங்கள் சீமையில் இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆத்தாவிடம் இப்படித்தான் சொன்னேன். ஆடியில் விழுந்த விதை கார்த்திகையில் முளைத்தால், நடுவில் களை எடுத்தவன் விதைத்ததாக யாராவது சொல்வார்களா?

அறுவைக்குப் பின் உடம்பில் நடக்கும் மாற்றங்கள் மிச்சமிருக்கும் செல்களுக்குச் சாதகமாகிவிடுமா என்று ஆராய்ச்சியாளர்கள் உண்மையாகவே ஆராய்கிறார்கள். கட்டியைக் கிழிக்காமல், சுற்றிலும் நல்ல தசையோடு சேர்த்தே எடுக்கவேண்டும் என்று சர்ஜன்கள் கவனமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. எலும்பு, தசைக் கட்டிகளில் ஊசி போகும் வழியைக்கூட முன்கூட்டியே திட்டம் போடுவார்கள். இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கத்தி பட்டால் பரவும் என்று பயந்து, எடுக்கக்கூடிய கட்டியை எடுக்காமல் விடுவதே நல்லது என்று எந்த ஆய்வும் காட்டவில்லை.

அடுத்தது, எத்தனை பேருக்குத் திரும்ப வருகிறது என்ற கணக்கு. நுரையீரலுக்குப் பரவிய புற்றை அறுத்தெடுத்தவர்களின் சர்வதேசப் பதிவேடு ஒன்று 1997இல் வெளியானது. ஐரோப்பா, அமெரிக்கா, கனடாவிலுள்ள 18 மருத்துவமனைகளில் 5,206 நோயாளிகள். அவர்களில் 4,572 பேருக்குத் தெரிந்ததெல்லாம் முழுவதும் எடுக்கப்பட்டது. அப்படி முழுவதும் எடுக்கப்பட்டவர்களிலேயே 53 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. திரும்பியவர்களில் பாதிப் பேருக்கு 10 மாதத்துக்குள்ளேயே. எலும்பு, தசைப் புற்றுகளிலும் மெலனோமா என்ற தோல் புற்றிலும் 64 சதவீதம், குடல் போன்ற உறுப்புகளின் புற்றில் 46, விந்தகம் போன்ற இடங்களில் வரும் கருவணுப் புற்று வகையில் 26. ஆத்தாவுக்கு நடந்தது விதிவிலக்கே இல்லை. யாரோ எதையோ தப்பாகச் செய்து வந்ததும் இல்லை.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எங்கள் ஊர் நம்பிக்கை எப்படிப் பிறந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. ஒரு தெருவில் இரண்டு பேருக்கு இந்த அறுவை நடந்தால், ஒருவருக்கு வருஷம் திரும்பும் முன்பு நோய் திரும்பிவிடலாம். பார்ப்பவர்களுக்கு வரிசை தெரிகிறது: நன்றாக நடமாடினார், கத்தி வைத்தார்கள், பரவிவிட்டது. அதற்கு முந்தைய காலத்தை நினைத்தால் இன்னும் புரியும். மனிதருக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுத்ததே 1971இல்தான். அதற்கு முன்னால் வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் எவ்வளவு பரவியிருக்கிறது என்றே தெரியும். "தொறந்து பாத்துட்டு மூடிட்டாக" என்று எங்கள் ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி மூடப்பட்டவர்கள் சில மாதத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் திறக்கும் முன்பே அது முற்றியிருந்தது என்பதைப் பார்க்க அவர்களிடம் வழி இருக்கவில்லை.

கத்தி நோயைப் பரப்பவில்லை. சரி, நல்லது செய்ததா? இதற்குப் பதில் சொல்லாமல் போனால் நான் ஒரு பக்கம் மட்டும் பேசியதாகிவிடும்.

அதே பதிவேட்டில் முழுவதும் எடுக்கப்பட்டவர்களில் 5 ஆண்டு கழித்து 36 சதவீதம் பேரும், 10 ஆண்டு கழித்து 26 சதவீதம் பேரும், 15 ஆண்டு கழித்து 22 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். நுரையீரலுக்குப் பரவிய பிறகு 15 ஆண்டு என்பது பெரிய விஷயம். 1930களில் அமெரிக்காவில் பார்னி, சர்ச்சில் என்ற இரு சர்ஜன்கள் சிறுநீரகப் புற்று நுரையீரலுக்குப் பரவிய ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகத்தையும் நுரையீரலின் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். அவர் இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்து, கடைசியில் இதய நோயில் இறந்தார். இந்த அறுவைக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை அப்படிப்பட்டவர்களிடமிருந்து வந்தது.

ஆனால் அந்தப் பதிவேட்டில் அறுவை செய்யாதவர்கள் யாரும் இல்லை. அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே நோய் குறைவாகவும் மெதுவாகவும் இருந்தவர்கள். அவர்கள் அறுவை இல்லாமலும் சில காலம் நன்றாக இருந்திருப்பார்களா? இதைக் கேட்டு, குடல் புற்று நுரையீரலுக்குப் பரவியவர்களை இரண்டு பிரிவாகக் குலுக்கிப் பிரித்து பல்மிக் என்றொரு ஆய்வு நடத்தினார்கள். பெரும்பாலும் பிரிட்டனில் நடந்தது. போதிய ஆட்கள் சேராமல் 93 பேரோடு நின்றுபோனது. 2020இல் வந்த முடிவில், 5 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 36.4 சதவீதம், அறுவை இல்லாத பிரிவில் 29.6 சதவீதம். வித்தியாசம் சின்னது, ஆய்வும் சின்னது, இதை வைத்து எந்தப் பக்கமும் அடித்துப் பேச முடியாது. அறுவை இல்லாவிட்டால் 5 ஆண்டு தாண்டுவது அபூர்வம் என்று அதுவரை பலர் நினைத்திருந்தது மட்டும் தப்பு என்று தெரிந்தது. இளம்பிள்ளைகளுக்கு வரும் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றில் கதை வேறு. நுரையீரலில் உள்ளதை எடுக்காமல் அங்கே குணமாவது அரிதினும் அரிது, பலமுறைகூட எடுக்கிறார்கள். எந்த உறுப்பின் புற்று என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

இதைப் படித்த பிறகு, மறுபடி முதலிலிருந்து முடிவெடுக்கச் சொன்னால் அறுவைக்குச் சம்மதிப்பாயா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சம்மதிப்பேன். முதல் கட்டிக்கும் நுரையீரலில் தெரிந்ததற்கும் இடையே நல்ல இடைவெளி இருந்தது, எண்ணிக்கை குறைவு, ஆத்தாவுக்குத் தெம்பு இருந்தது. அந்த மூன்றையும் எடுத்ததால் கீமோ இல்லாத கொஞ்ச காலம் கிடைத்தது. அந்தக் காலத்தில் தங்கச்சி மகளின் கல்யாணத்தை ஆத்தா முன்நின்று நடத்தினார். ஆனால் இந்த அறுவைக்குப் போகும் எந்தக் குடும்பமும் திரும்ப வர எவ்வளவு வாய்ப்பு என்று முன்கூட்டியே கேட்டு, அதை நோயாளியின் காதிலும் போட்டுவிடவேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். திரும்பி வந்ததுகூட ஆத்தாவை அவ்வளவு உடைக்கவில்லை. தான் எடுத்த முடிவால் வந்தது என்று நான்கு பேர் சொன்னதுதான் உடைத்தது. முதலிலேயே தெரிந்திருந்தால் அந்தப் பட்டாலையில் ஆத்தாவே பதில் சொல்லியிருப்பார்.

இரண்டாம் முறையும் அறுவை செய்வது உண்டு. அந்தப் பதிவேட்டிலேயே ஐந்தில் ஒருவருக்கு மறுபடி செய்திருக்கிறார்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட அவர்களும் ஓரளவு நன்றாகவே இருந்திருக்கிறார்கள். ஓரிரண்டு சின்னக் கட்டிகளாக இருந்தால் குறிவைத்துக் கொடுக்கும் ரேடியேஷனும், ஊசி வழியாகச் சூடேற்றிக் கருக்குவதும் இருக்கின்றன. ஆத்தாவுக்கு அடுத்த ஸ்கேனில் புள்ளிகள் இன்னும் கூடிவிட்டதால் இவை எதுவும் பொருந்தாது என்றார்கள். கீமோதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மதுரை. ஒரு மருந்து அங்கேயே ஏறும், இன்னொன்று 46 மணி நேரம் ஒரு பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாக. அந்தப் பம்பைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டே ஊருக்கு வந்து, முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பூக்காரியிடம் பேரம் பேசுவார். வருபவர்கள் சர்க்கரை சாப்பிட்டதால்தான், கறி சாப்பிட்டதால்தான், கீமோ எடுத்தால் தேங்காய் ஆகாது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எடை குறையாமல் இருக்க எது இறங்குகிறதோ அதைச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கவுனி அரிசி இறங்குகிறது.

அயித்தை சொன்னதை ஆத்தாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தயங்கிவிட்டுச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டார். பம்ப் பையை மாட்டிக்கொண்டு அப்படியே தெருவைக் கடந்து போனார், நான் பின்னாலேயே ஓடினேன். அயித்தை வீட்டு இரண்டாம் கட்டில் உட்கார்ந்து, சேலையை விலக்கி, முதுகிலிருந்து மார்புக்குக் கீழ்வரை வரும் அந்தத் தழும்பைக் காட்டினார்.

"இந்தா பாரு. இந்தத் தழும்பு விழுகுறதுக்கு முன்னாடியே அது உள்ள போயி ஒக்காந்திருச்சு. மூலம்னு நான் களிம்பு தடவிக்கிட்டுக் கெடந்தேன்ல, அப்ப போனது. கத்தி என்னத்தப் பண்ணும்? உனக்கு இன்னும் எங்கயும் போகாம இருக்கலாம். என்னயப் பாத்துத்தான் போகமாட்டேங்கிறியாமே, என்னயச் சொல்லாத."

"இல்லை அண்ணமிண்டி, ஊசி வச்சாலே…" என்று அயித்தை இழுத்தார். எங்கள் பக்கத்தில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஊசியும் வைக்கலாம். நான் கூட வாரேன்."

மார்பகக் கட்டியில் ஊசி வைத்துத் தசை எடுப்பது நோயை உடம்புக்குள் பரப்பாது. எந்த வகை, எந்த மருந்து கேட்கும் என்பது அந்தச் சிறு தசையில்தான் தெரியும். மார்பைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தால், அமெரிக்கப் பதிவேடுகளின்படி 5 ஆண்டுக்குள் அந்த நோயால் உயிர் போகாதவர்கள் கிட்டத்தட்ட 99 சதவீதம். நம் ஊரில் பெண்கள் தாமதமாக வருவதால் நாம் பார்ப்பதெல்லாம் வேறு நிலையில் இருப்பவர்களை. அயித்தைக்கு இருப்பதும் ஆத்தாவுக்கு இருப்பதும் ஒரே பெயருள்ள நோய் என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாது. ஒன்று இருக்கும் இடத்திலேயே இருக்கிறது, எடுத்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம். மற்றது ஊரைவிட்டுக் கிளம்பி வேறிடத்தில் குடியேறிய பிறகு நாம் போய்க் கதவைத் தட்டியது.

ஊசிச் சோதனை முடிந்து ரிசல்ட்டும் வந்துவிட்டது. புற்றுதான். அல்ட்ராசவுண்டில் அக்குளில் நெறி கட்டியதாகத் தெரியவில்லை, கட்டியும் இரண்டு சென்டிமீட்டருக்குள்தான். வருகிற வாரம் சர்ஜனைப் பார்க்க மதுரைக்குப் போகிறோம், ஆத்தாவின் கீமோ நாளும் அன்றைக்கே வருவதுபோல் கேட்டு வாங்கியிருக்கிறேன். அயித்தை சரி என்றுவிட்டார். சிங்கப்பூரிலிருக்கும் அவருடைய மகன்தான் இன்னும் ஒப்பவில்லை. கத்தி வேண்டாம், கட்டியைக் கரைக்கும் வைத்தியர் ஒருவர் இருக்கிறார், ஆறு மாதம் பார்ப்போம் என்று தினமும் போனில் சொல்கிறார். அவர் படித்த பையன், அம்மாமேல் உயிராக இருப்பவன். இதை இன்று ராத்திரியே அவருக்கு அனுப்புகிறேன், நாளைக்குப் பேசுவதாகவும் சொல்லியிருக்கிறேன்.